கமராவின் விழித்திரை: அளவறிந்து வாங்குதல்

மனிதர் வாழ்விலே மீண்டும் வாராத நாள்கள் சில உள. குழந்தையின் முதலாவது பிறந்தநாள், மகளின் திருமணம், கடல் கடந்து செல்லும் மகனை வழியனுப்பிய பொழுது, பேரப்பிள்ளைகள் புடைசூழப் பாட்டனார் வீற்றிருந்த பொங்கற் காலை ஆகிய இவையெல்லாம் ஒரு முறையே நிகழ்வன. அவற்றைப் படமாக எடுத்துப் பேணிவைக்க விரும்பாத குடும்பம் இல்லை எனலாம். அங்ஙனம் எடுத்த படம் இருண்டும், மங்கியும், மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாய்ச் சிதறியும் போய்விடின், அந்த நாளைத் திரும்ப அழைத்து மறுபடி எடுத்தல் எவர்க்கும் இயலாது. ஆகவே, கமரா வாங்க முற்படும் குடும்பம், தான் கொடுக்கும் பணத்துக்கு எதனைப் பெறுகின்றது என்பதைச் சற்றே ஆராய்ந்தறிதல் நன்று.

மாணவன் ஒருவன் தன் தந்தையாருடன் கடைக்குச் செல்கின்றான் என வைத்துக்கொள்வோம். கண்ணாடிப் பெட்டியினுள்ளே மூன்று கமராக்கள் இருக்கின்றன. மூன்றின் மீதும் '20 மெகாபிக்சல்' என்று எழுதப்பட்டிருக்கின்றது. முதலாவது, சட்டைப் பைக்குள் அடங்குவது, விலையும் குறைவு. இரண்டாவதின் விலை அதிலும் பன்மடங்கு. மூன்றாவதின் விலையைக் கேட்டதுமே தந்தையார் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கின்றார். "எண் ஒன்றாகவே இருக்கும்போது விலை மட்டும் ஏன் இவ்வளவு வேறுபடல் வேண்டும்?" என்று அவர் வினவுகின்றார். நியாயமான வினாவே. இதற்குரிய விடை கமராவின் வெளியே எழுதப்பட்ட எண்ணில் இல்லை. உள்ளே வில்லைக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஒரு சிறு தகட்டின் பரப்பிலே உள்ளது.

ஒளியுணரி என்பது யாது?

நம் கண்ணிலே வில்லை உண்டு. அதன் பின்னே விழித்திரை உண்டு. வில்லை குவிக்கும் ஒளி விழித்திரையில் விழ, அங்கிருந்து செய்தி மூளைக்குச் செல்கின்றது. பழைய கமராவிலே விழித்திரையின் இடத்தில் பிலிம் இருந்தது. இக்காலத்து டிஜிட்டல் கமராவிலும் கைத்தொலைபேசியிலும் அந்த இடத்தில் இருப்பது, 'சென்சர்' என வழங்கும் ஒளியுணரி. இது சிலிக்கன் என்னும் குறைகடத்தியால் ஆன ஒரு தகடு. இதன் மேற்பரப்பு, தேன்கூடு அறை அறையாகப் பிரிந்திருப்பது போல, இலட்சக்கணக்கான நுண்ணறைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அறை ஒவ்வொன்றும் ஒரு பிக்சல். பத்து இலட்சம் பிக்சல்கள் சேர்ந்தது ஒரு மெகாபிக்சல். ஓர் அறையிலே ஒளி விழுந்தால், அந்த ஒளியின் அளவுக்கேற்ப அங்கே இலத்திரன்கள் விடுபட்டுச் சேர்கின்றன. எந்த அறையில் எவ்வளவு சேர்ந்தது என்று எண்ணிப் பதிவு செய்தால், அந்த எண்களின் வரிசையே படம் ஆகின்றது.

இக்கருவி பிறந்த கதை சுவையானது. 1969 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் சிமித் என்னும் இருவர், மின்னேற்றத்தை அறைக்கு அறை கைமாற்றிக் கொண்டுசெல்லும் 'சி.சி.டி.' என்ற சாதனத்தை வகுத்தனர். அதற்காக 2009 ஆம் ஆண்டின் பௌதிகவியல் நொபெல் பரிசிலே இவர்களுக்கும் பங்கு கிடைத்தது. 1975 இலே கொடாக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் அத்தகைய உணரி ஒன்றைக் கொண்டு ஒரு கமராவை அமைத்தார். அதன் நிறை ஏறத்தாழ 3.6 கிலோகிராம். அது எடுத்தது கறுப்பு வெள்ளைப் படம். நீளத்தில் 100, அகலத்தில் 100, ஆக 10,000 பிக்சல்களே. ஒரு படத்தை ஒலிநாடாப் பேழையிலே பதிய 23 வினாடிகள் சென்றன. நம் மாணவன் கடையிலே காணும் கமரா, சாசனின் கமராவைப் போல 2,000 மடங்கு பிக்சல்களை உடையது.

உணரிக்கு இயல்பாக நிறம் தெரியாது. அதே கொடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிறைஸ் பேயர் என்பார், அறைகளின் மீது சிவப்பு, பச்சை, நீல வடிகளைச் சதுரங்கப் பலகை போலப் பரப்பும் முறைக்கு 1976 இல் காப்புரிமை பெற்றார். நான்கு அறைகளுள் இரண்டிற்குப் பச்சை, ஒன்றிற்குச் சிவப்பு, ஒன்றிற்கு நீலம் என்பது அவர் வகுத்த கணக்கு. மனிதக் கண் பச்சை ஒளியிலேயே நுண்மையை மிகுதியாக உணர்வதால் பச்சைக்கு இரு பங்கு கொடுத்தார். 1990 களின் தொடக்கத்திலே, விண்கலங்களின் கமராக்களைச் சிறிதாக்கும் நோக்கத்துடன், கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஆய்வுகூடத்தில் எரிக் பொசம் என்பவர் 'சீமொஸ்' வகை உணரியைப் படப்பிடிப்புக்கு ஏற்றதாக்கினார். குறைந்த மின்சாரத்திலே இயங்கும் அவ்வகையே இன்று பெரும்பாலான கமராக்களிலும் கைத்தொலைபேசிகளிலும் காணப்படுவது.

அளவுகோலாய் நின்ற பழைய பிலிம்

உணரிகளின் அளவைப் பற்றிப் பேசுவோர் யாவரும் ஓர் அளவை அடிப்படையாகக் கொள்வர். அது 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. இதனை 'புல் பிரேம்', அதாவது முழுச்சட்டகம் என்பர். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

ஜேர்மனியின் வெட்ஸ்லார் நகரிலே லைட்ஸ் என்னும் நுணுக்குக்காட்டித் தொழிற்சாலையில் ஒஸ்கார் பார்ணாக் என்பார் பணிபுரிந்தார். படம் எடுப்பதில் பெருவிருப்பினர். ஆயின் தொய்வு நோயினால் வருந்தியவர். கண்ணாடித் தகடுகளையும் கனத்த பெட்டிக் கமராவையும் சுமந்து மலைவழி நடப்பது அவர்க்கு இயலாததாயிற்று. எனவே 1913, 1914 ஆம் ஆண்டளவில், சினிமாவிற்கென வந்த 35 மில்லிமீற்றர் அகலப் படச்சுருளைப் பயன்படுத்தும் கைக்கமரா ஒன்றைத் தாமே அமைத்தார். சினிமாவின் ஒரு சட்டகம் 24 க்கு 18 மில்லிமீற்றர். அது மிகச் சிறிதாகத் தோன்றவே, படச்சுருளைக் குறுக்காக ஓடவிட்டு இரண்டு சட்டகங்களின் இடத்தை ஒன்றாக்கினார். 36 க்கு 24 ஆயிற்று. முதலாம் உலகப் போர் குறுக்கிட்டதனால் அக்கமரா 1925 ஆம் ஆண்டின் லைப்சிக் சந்தையிலேதான் 'லைக்கா' என்ற பெயருடன் உலகிற்கு அறிமுகமாயிற்று.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அக்காலத்துப் படப்பிடிப்பாளர் பெரிய தகடுகளிலும், 6 சென்ரிமீற்றர் அகலப் பிலிமிலும் பழகியவர்கள். அவர்கள் லைக்காவைக் கண்டு, 'சின்னஞ்சிறு கமரா' என்றே வகைப்படுத்தினர். அன்று சிறியது எனப்பட்ட அதுவே இன்று 'முழு' என்ற அடைமொழியைப் பெற்று, ஏனையவற்றைச் சிறியன எனச் சொல்லும் அளவுகோலாய் நிற்கின்றது. பெரிது, சிறிது என்பன எல்லாம் ஒப்பீட்டுச் சொற்களே.

அங்குலம் என்னும் மாயம்

வாங்குவோரை மயங்க வைப்பது உணரியின் பெயர்வழக்கு. விளம்பரத் தாளிலே 'ஒரு அங்குல உணரி' என்று காண்கின்றோம். ஓர் அங்குலம் என்பது 25.4 மில்லிமீற்றர் என்று நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் அறியும். ஆயின் அந்த உணரியை அளந்து பார்ப்பின் நீளம் 13.2 மில்லிமீற்றர், அகலம் 8.8 மில்லிமீற்றர், மூலைவிட்டம் ஏறத்தாழ 15.9 மில்லிமீற்றர். எப்பக்கம் அளந்தாலும் ஓர் அங்குலம் வாராது. காணாமற் போன ஒன்பதரை மில்லிமீற்றர் எங்கே?

அது கண்ணாடியாய்ப் போயிற்று என்பதே விடை. 1950 களிலே தொலைக்காட்சிக் கமராக்களில் ஒளியைப் பிடிப்பதற்கு 'விடிக்கன்' எனப்படும் கண்ணாடிக் குழாய்கள் பயன்பட்டன. அக்குழாயின் வெளிவிட்டத்தைக் கொண்டே அதனை 'ஒரு அங்குலக் குழாய்', 'மூன்றில் இரண்டு அங்குலக் குழாய்' என அழைத்தனர். கண்ணாடியின் தடிப்பும் விளிம்பும் போக, உள்ளே படம் விழும் பகுதியின் மூலைவிட்டம் வெளிவிட்டத்தின் மூன்றில் இரண்டு பங்களவே இருந்தது. குழாய்கள் மறைந்தொழிந்தன, சிலிக்கன் தகடுகள் வந்தன. ஆனால் பழைய குழாய்க் கணக்கை மட்டும் உற்பத்தியாளர் கைவிடவில்லை. இல்லாத கண்ணாடியின் விட்டம், இருக்கின்ற தகட்டின் பெயராகத் தொடர்கின்றது.

இதனால் விளையும் மயக்கம் சிறிதன்று. சிறு கமராக்களிலே வழங்கும் '1/2.3 அங்குல' உணரியைக் கணக்கிடுவோம். 25.4 ஐ 2.3 ஆல் வகுத்தால் 11 மில்லிமீற்றர் வரும். உண்மையிலே அதன் மூலைவிட்டம் 7.7 மில்லிமீற்றரே. அங்குலப் பெயரைக் கண்டால் 25 ஆல் பெருக்காது, 16 முதல் 18 வரையான எண்ணால் பெருக்கிக்கொள்க. உண்மையான மூலைவிட்டம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். இதனினும் சிறந்த வழி, கமராவின் விவரக் கையேட்டில் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீற்றரிலே தேடிப் பார்த்தல்.

வரிசையாய்ச் சில அளவுகள்

பெரியதிலிருந்து சிறியதாக முக்கியமான சிலவற்றை ஈண்டு வரிசைப்படுத்துவோம்.

நடுத்தரச் சட்டகம்: 43.8 க்கு 32.9 மில்லிமீற்றர், பரப்பு ஏறத்தாழ 1,440 சதுர மில்லிமீற்றர். ஹசல்பிளாட், பியூஜிபிலிம் ஆகிய நிறுவனங்கள் 2016 ஆம் ஆண்டு தொடக்கம் கையடக்கமான உடலில் இதனை அறிமுகஞ் செய்தன. தொழின்முறையாளர்க்கே உரியது.

முழுச்சட்டகம்: 36 க்கு 24, பரப்பு 864. இவ்வளவில் 11 மெகாபிக்சல் கமராவைக் கனன் நிறுவனம் 2002 இல் வெளியிட்டது.

ஏ.பி.எஸ்.–சி: ஏறத்தாழ 23.5 க்கு 15.6, பரப்பு 367 அளவில். கனன் நிறுவனத்தின் உணரி இதனிலும் சற்றுச் சிறியது, 22.3 க்கு 14.9. இப்பெயர் 1996 இலே வெளியாகி, 2011 அளவில் உற்பத்தி நின்றுபோன ஒருவகைப் பிலிம் பேழையின் பெயர். பிலிம் மறைந்தும் பெயர் மறையவில்லை.

போர் தேர்ட்ஸ்: 17.3 க்கு 13, பரப்பு 225. ஒலிம்பஸ் நிறுவனம் 2003 இல் இவ்வளவில் முதலாவது கமராவை வெளியிட்டது. 'மூன்றில் நான்கு' என்னும் பொருளுடைய இப்பெயரும் அந்தப் பழைய குழாய்க் கணக்கே.

ஒரு அங்குலம்: 13.2 க்கு 8.8, பரப்பு 116. 2012 இல் சோனி நிறுவனம் சட்டைப்பைக் கமரா ஒன்றிலே இதனைப் பொருத்தியபின் பெரிதும் பரவிற்று.

1/2.3 அங்குலம்: 6.17 க்கு 4.55, பரப்பு 28. விலை குறைந்த சிறு கமராக்களிலும், பெரும் உருப்பெருக்கம் உடையன என விளம்பரஞ் செய்யப்படும் கமராக்கள் பலவற்றிலும் இருப்பது.

கைத்தொலைபேசிகளின் உணரிகள் ஒரே அளவினவல்ல. மலிவானவற்றிலே மேற்கூறிய கடைசி அளவிலும் சிறியன உண்டு. உயர்ந்த விலையுடைய சிலவற்றிலே 'ஒரு அங்குல' உணரியும் உண்டு.

இவ்வரிசையின் முதலாவதையும் கடைசியையும் விடுத்து, முழுச்சட்டகத்தையும் 1/2.3 அங்குலத்தையும் மட்டும் ஒப்பிடுவோம். 864 ஐ 28 ஆல் வகுக்க ஏறத்தாழ 31 வரும். கடைக்கண்ணாடிக்குள் இருந்த முதலாவது கமராவின் உணரி இதுவாகவும், மூன்றாவதின் உணரி அதுவாகவும் இருப்பின், 'இரண்டும் 20 மெகாபிக்சல்' என்று சொல்வது, ஒரு பரப்புக் காணியையும் முப்பத்தொரு பரப்புக் காணியையும் 'இரண்டிலும் இருபது வாழைகள் உள' என்று சொல்லி ஒன்றாக்குவது போன்றதே.

மழையும் பாத்திரமும்

பரப்பு மிகுந்தால் படம் ஏன் நன்றாக வேண்டும்? மழை பெய்யும்போது முற்றத்திலே ஒரு குவளையையும் ஒரு கிடாரத்தையும் அருகருகே வையுங்கள். இரண்டின் மீதும் பெய்வது ஒரே மழை. பெய்யும் நேரமும் ஒன்றே. ஆயினும் வாய் அகன்ற கிடாரத்திலே சேரும் நீர் மிகுதி. ஒளியும் மழை போன்றதே. அது துளித்துளியாகவே வருகின்றது. அத்துளிகளைப் போட்டன்கள் என விஞ்ஞானிகள் அழைப்பர்.

துளிகள் எங்கும் ஒரே சீராய் விழுவதில்லை. அடுத்தடுத்த இரண்டு ஓடுகளில் விழும் துளிகளை எண்ணினால் எண்ணிக்கை சற்றே வேறுபடும். இவ்வேறுபாடு சராசரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒத்தது என்பது கணிதம். சராசரியாக 10,000 போட்டன்கள் விழும் அறையில் ஏற்ற இறக்கம் 100 அளவில், அதாவது நூற்றுக்கு ஒன்று. அது கண்ணுக்குப் புலப்படாது. 100 போட்டன்களே விழும் அறையில் ஏற்ற இறக்கம் 10. அதாவது நூற்றுக்குப் பத்து. வெள்ளைச் சுவராய் இருக்க வேண்டிய இடம் புள்ளி புள்ளியாய்த் தோன்றுவது இதனாலே. இதனைப் படத்தின் 'இரைச்சல்' என்பர்.

நண்பகல் வெயிலிலே ஒளி பெருமழையாய்ப் பொழிகின்றது. அப்போது குவளையும் நிரம்பிவிடும், கிடாரம் வேண்டுவதில்லை. ஆதலாற்றான் கடற்கரையிலே கைத்தொலைபேசியால் எடுத்த படம் பெரிய கமராவின் படத்துக்கு நிகராய்த் தோன்றுகின்றது. இரவிலே, குத்துவிளக்கு ஒளியிலே, சப்பறத் திருவிழாவின் தீவட்டி வெளிச்சத்திலே ஒளி வெறுந்தூறலாய்க் குறைகின்றது. அப்பொழுதுதான் பாத்திரத்தின் அகலம் வெளிப்படும். நம் குடும்பங்களின் அரிய பொழுதுகள் பல மாலையிலும் இரவிலும் வீட்டினுள்ளுமே நிகழ்வன என்பதை நினைவிற் கொள்க.

கைத்தொலைபேசிகள் இக்குறையை ஓர் உபாயத்தால் ஈடுசெய்ய முயல்கின்றன. ஒரு படத்துக்குப் பதிலாக விரைந்து பல படங்களை எடுத்து, அவற்றைக் கணக்கிட்டு ஒன்றாக்கிவிடுகின்றன. குவளையை எட்டு முறை நிரப்பிக் கிடாரத்தில் ஊற்றுவது போன்றது அது. கோபுரமும் மலையும் அசையாதிருப்பதால் அவற்றுக்கு இம்முறை வாய்க்கும். நடனமாடும் பெண்ணும் ஓடும் குழந்தையும் எட்டுப் படங்களிலும் எட்டு இடங்களில் இருப்பராதலின், அங்கே இவ்வுபாயம் பெரிதும் உதவாது.

மெகாபிக்சல் எத்தனை வேண்டும்?

இனி, எண்ணின் மயக்கத்தைப் பார்ப்போம். தாளிலே அச்சிடும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தாற் போதும். கையில் வைத்துப் பார்ப்போர்க்குப் புள்ளிகள் தெரியா. 6 க்கு 4 அங்குலப் படத்துக்கு வேண்டுவன 1,800 க்கு 1,200 பிக்சல்; அதாவது 2 மெகாபிக்சலுக்குச் சற்றே மேல். சுவரிலே சட்டமிட்டு மாட்டும் 10 க்கு 8 அங்குலப் படத்துக்கு 7.2 மெகாபிக்சல். 20 மெகாபிக்சல் கொண்டு ஏறத்தாழ ஒன்றரை அடி நீளமுள்ள படத்தையே அச்சிடலாம். அதற்கு மேலும் மேலும் எண்ணைத் தேடுவோர், தாம் அதனை எங்கே மாட்டப்போகின்றோம் என்பதையும் எண்ணுதல் நன்று.

அன்றியும், சிறிய தகட்டிலே அறைகளை நெருக்கி அடைப்பதனால் நுண்மை கூடிவிடுவதில்லை. 1/2.3 அங்குல உணரியில் 20 மெகாபிக்சலை அடைத்தால் அறை ஒன்றின் அகலம் 1.2 மைக்கிரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கிலும் சற்றே பெரிது. பச்சை ஒளியின் அலைநீளமோ 0.55 மைக்கிரோமீற்றர். ஒளி அலையாதலின், எத்துணைச் சிறந்த வில்லையும் ஒரு புள்ளியைப் புள்ளியாகவே குவிக்க மாட்டாது. சிறு வட்டமாகவே குவிக்கும். வில்லையின் துவாரத்தை 'எஃப் 4' அளவில் வைப்பின் அவ்வட்டத்தின் விட்டம் 5 மைக்கிரோமீற்றருக்கு மேல். ஒரு புள்ளியின் ஒளி நான்கு அறைகளுக்கு மேல் குறுக்காகப் பரவிவிட, அறைகளை மிகுதியாக்கிப் பயன் என்ன? முழுச்சட்டகத்தில் அதே 20 மெகாபிக்சலின் அறை 6.6 மைக்கிரோமீற்றர் அகலமுடையது; அங்கே அவ்வட்டம் ஓர் அறைக்குள் அடங்கும்.

மற்றொன்றும் சொல்லல் வேண்டும். ஒரே அளவான இரண்டு உணரிகளில் ஒன்று 12 மெகாபிக்சலும் மற்றது 48 மெகாபிக்சலும் உடையதாயின், இரண்டின் படத்தையும் ஒரே அளவில் அச்சிடும்போது இரைச்சல் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். மொத்தமாய்ச் சேர்ந்த ஒளி ஒன்றே ஆதலால், அதனை எத்தனை கூறாக வகுத்தோம் என்பது பெரிதன்று. ஆகவே மெகாபிக்சல் மிகுதி கேடுமன்று. தனித்து நின்று பெருமையுமன்று. முதலிற் பரப்பைக் காண்க. எண்ணைப் பின்னர்க் காண்க.

வில்லையும் பார்வைக் கோணமும்

உணரியின் அளவு மாறினால் வில்லை காட்டும் காட்சியின் அகலமும் மாறும். வில்லை எறியும் படம் வட்டமானது. உணரி அவ்வட்டத்திலிருந்து ஒரு செவ்வகத்தை வெட்டியெடுக்கின்றது. செவ்வகம் சிறிதானால் காட்சியும் குறுகும். முழுச்சட்டகத்திலே 50 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லை தரும் காட்சியை மனத்திற் கொண்டால், ஏ.பி.எஸ்.–சி உணரியிலே அதே வில்லை 75 மில்லிமீற்றர் வில்லை போன்ற குறுகிய காட்சியைத் தரும். போர் தேர்ட்ஸ் உணரியிலே 100 மில்லிமீற்றர் போன்ற காட்சி. இந்த 1.5, 2 என்னும் பெருக்கெண்களைக் கமரா வாங்குவோர் அறிந்திருத்தல் வேண்டும்.

இது குறையா, நிறையா என்பது எடுப்பவர் நோக்கத்தைப் பொறுத்தது. சிறிய அறைக்குள் முப்பது உறவினரை ஒரே படத்தில் அடக்க விரும்புவோர்க்கு இது குறை. வங்காலைப் பக்கத்து நீர்நிலைகளில் வந்திறங்கும் பூநாரைகளைக் கரையில் நின்று எடுக்க விரும்புவோர்க்கு இது வரம். 300 மில்லிமீற்றர் வில்லை ஒன்றே 450 அல்லது 600 மில்லிமீற்றர் வில்லையின் வேலையைச் செய்துவிடும். தோளும் வலியாது, பணமும் மிஞ்சும்.

முகம் தெளிவாகவும் பின்னணி கரைந்து மங்கியும் தோன்றும் படங்களைப் பலரும் விரும்புவர். அதுவும் பெரிய உணரியிலே எளிதில் வாய்ப்பது. ஒரே அகலக் காட்சிக்கு முழுச்சட்டகத்தில் 50 மில்லிமீற்றர் வில்லை வேண்டும். போர் தேர்ட்ஸில் 25 போதும். இரண்டையும் 'எஃப் 2' இல் வைத்தால் முன்னதன் துவாரம் 25 மில்லிமீற்றர் விட்டம். பின்னதன் துவாரம் 12.5. பெரிய துவாரமே பின்னணியை மிகுதியாகக் கரைப்பது.

தலையும் காலும் வெட்டுண்ணாதிருக்க

அளவு போன்றே வடிவமும் கவனித்தற்குரியது. முழுச்சட்டகமும் ஏ.பி.எஸ்.–சி வகையும் 3 க்கு 2 என்னும் விகிதமுடையன. போர் தேர்ட்ஸ், 1/2.3 அங்குலம், பெரும்பாலான கைத்தொலைபேசிகள் ஆகியன 4 க்கு 3 விகிதமுடையன. படக்கடைகளிலே வழக்கமாக அச்சிடும் 6 க்கு 4 அங்குலத் தாளின் விகிதம் 3 க்கு 2. ஆகவே, 4 க்கு 3 விகிதப் படத்தை அத்தாளிலே விளிம்பின்றி நிரப்பினால், மேலும் கீழுமாக ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுண்டு போம். குடும்பமாய் நின்று எடுத்த படத்திலே பின்வரிசையில் நின்ற உயர்ந்த மைத்துனரின் தலையும், முன்வரிசையில் இருந்த பிள்ளைகளின் பாதங்களும் மறைவது பெரும்பாலும் இதனாலே. இதற்கு மருந்து எளியது. எடுக்கும்போதே மேலும் கீழும் சிறிது இடம் விட்டு எடுத்தல் வேண்டும். அல்லது அச்சிடும் கடையில், வெட்டாது வெள்ளை விளிம்புடன் அச்சிடும்படி சொல்லல் வேண்டும்.

பெரிதின் விலை

பெரிய உணரி இத்துணை நன்மை உடையதாயின் எல்லாக் கமராவிலும் அதனையே வையாதது ஏன்? உணரிகள் வட்டமான சிலிக்கன் தகட்டிலிருந்து வெட்டப்படுவன. 300 மில்லிமீற்றர் விட்டமுள்ள தகட்டைக் கணக்குக்கு எடுப்போம். அதன் பரப்பு ஏறத்தாழ 70,700 சதுர மில்லிமீற்றர். முழுச்சட்டக உணரிகள் 81 க்கு மேல் அதில் அடங்கா. வட்டத்தின் விளிம்பிலே வீணாவது போக இன்னும் குறையும். 1/2.3 அங்குல உணரிகளோ இரண்டாயிரத்துக்கு மேல் தேறும். தகட்டிலே தூசியாற் பத்து இடங்களில் பழுது விழுந்தால், சிறியவற்றில் பத்து மட்டும் வீணாம். பெரியவற்றிலும் பத்து வீணாகலாம், ஆயின் அது எட்டில் ஒரு பங்கு. மேலும், பெரிய உணரியை மூடப் பெரிய வில்லை வேண்டும். பெரிய வில்லைக்குக் கண்ணாடி மிகுதி, பாரம் மிகுதி, விலையும் மிகுதி. கமரா வாங்கும் செலவுடன் கணக்கு முடிவதில்லை. வில்லைகளின் செலவு அதன் பின்னே வரிசையாய் நிற்கும்.

எவர்க்கு எது தகும்?

நினைவுக்காக மட்டும் படம் எடுக்கும் குடும்பத்துக்கு, கையில் ஏலவே உள்ள நல்ல கைத்தொலைபேசியே பகலிலே போதுமானது. அதன் மேல் 1/2.3 அங்குலச் சிறு கமரா ஒன்றை வாங்குவதால் பெறும் ஊதியம், தொலைவிலுள்ளதை அருகிற் காட்டும் வில்லை ஒன்றே. இருளில் ஒளி கூடுதலாய்க் கிடைக்கும் என நம்பி அதனை வாங்கற்க. சுற்றுலா செல்வோர்க்கும், பாரம் சுமக்க விரும்பாத முதியோர்க்கும் ஒரு அங்குல உணரியுடைய கமரா நல்ல துணை. படப்பிடிப்பைக் கலையாகக் கற்க விரும்பும் மாணவர்க்கு ஏ.பி.எஸ்.–சி அல்லது போர் தேர்ட்ஸ் வகையிலே, பாவித்த கமராவாயினும், வில்லையை மாற்றத்தக்க ஒன்றே சிறந்தது. முழுச்சட்டகம், திருமணங்களையும் இரவு விழாக்களையும் எடுத்துப் பொருளீட்ட எண்ணுவோர்க்கு உரியது. பாவித்த வில்லை வாங்குவோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும்: ஏ.பி.எஸ்.–சி அளவுக்கெனச் செய்த வில்லையை முழுச்சட்டகக் கமராவிலே பொருத்தினால் படத்தின் நான்கு மூலைகளும் இருண்டுபோம்.

கடைக்குச் செல்வோர் விற்பனையாளரிடம் மூன்று வினாக்களைக் கேட்பாராக. உணரியின் நீளமும் அகலமும் மில்லிமீற்றரில் எவ்வளவு? அதற்குப் பொருந்தும் வில்லைகள் எவை, அவற்றின் விலை என்ன? விளக்கு மங்கிய இக்கடையின் மூலையிலே ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமா? மூன்றாவது வினாவிற்கு இணங்கும் கடையிலே, எடுத்த படத்தைப் பெரிதாக்கி, நிழல் விழுந்த பகுதியை உற்று நோக்குங்கள். பெட்டியின் மேல் எழுதாத செய்தியை அந்நிழற் பகுதி சொல்லிவிடும். அதன் பின்னர், கையிலுள்ள பணத்துக்கு இயன்றதை மனநிறைவோடு வாங்குங்கள். எந்த அளவினதாயினும், அலுமாரியிலே பூட்டிவைத்த பெரிய கமராவிலும், பாட்டியார் சிரிக்கும் வேளையில் கையில் இருந்த சிறிய கமராவே அக்குடும்பத்துக்குப் பயன் தந்தது.